மூடிய ஆலை நிலத்தை யார் காசில் சோதிப்பது?

மண் பரிசோதனைக்கு மண் எடுக்கிற விதத்தை நம்ம வாசகர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவத்தில் குழி வெட்டுவோம். அரை அடி ஆழத்துக்கு ஓரத்தைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலப்போம். நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, திரும்பவும் கலந்து, கடைசியில் அரைக் கிலோ மண்ணைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்துவிட்டு வருவோம். தழை, மணி, சாம்பல், கார அமிலத் தன்மை, உப்பின் அளவு என்று ஒரு அட்டை வரும். இந்தக் கட்டுரை அந்த அட்டையில் வராத சங்கதிகளைப் பற்றியது.

போன மாதம் ஒரு விதைத் திருவிழாவில் இளைஞர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அண்ணே, எங்க ஊருக்கு வெளியே மூடிப்போன தோல் பதனிடுற ஆலை ஒண்ணு இருக்கு. பின்பக்கம் மூணு ஏக்கர் சும்மா கிடக்கு. உடையவர் குத்தகையே வேண்டாம், வேலி போட்டுப் பார்த்துக்கிட்டா போதும்னு சொல்றார். பன்னிரண்டு வருஷமா உரம் போடல, மருந்து அடிக்கல. இயற்கை விவசாயத்துக்கு இதைவிடச் சுத்தமான மண் கிடைக்குமா?"

கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. பூச்சிக்கொல்லி படாத மண் என்றால் நமக்கு உடனே ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது. ரசாயன வயலை இயற்கைக்கு மாற்ற இரண்டு, மூன்று வருஷம் விட்டுப் பிடிக்கிறோமே, இங்கே பன்னிரண்டு வருஷம் ஆயிற்று என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் தோல் ஆலை மண்ணில் இருப்பது குரோமியமும் உப்பும். குரோமியம் ஓர் உலோகம். பூச்சிமருந்து மாதிரி வெயிலிலும் நுண்ணுயிரிலும் கரைந்து போகாது. பன்னிரண்டு வருஷம் என்ன, நூறு வருஷம் ஆனாலும் ஏதோ ஒரு உருவத்தில் அங்கேயே கிடக்கும், இல்லையென்றால் தண்ணீரோடு பக்கத்து வயலுக்கு நகரும்.

"சோதனை பண்ணிப் பாருங்க தம்பி" என்றேன். அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். நம்ம மண் பரிசோதனை நிலையத்தில் இதைப் பார்க்க மாட்டார்கள். தனியார் ஆய்வகத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும், ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனிக் காசு. மூணு ஏக்கரில் பத்து இடம், இடத்துக்கு இரண்டு ஆழம் என்று வைத்தாலே இருபது மாதிரி. ஒரு பட்டத்து வருமானம் அதிலேயே போய்விடும். "என் நிலமும் இல்லை, நான் கெடுத்த மண்ணும் இல்லை. நான் ஏன்ணே அந்தக் காசைக் கொடுக்கணும்?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியை அமெரிக்காவில் முப்பது வருஷத்துக்கு முன்னால் நகராட்சிகள் கேட்டன. அவர்கள் கண்டுபிடித்த விடையில் நல்லதும் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிட்டு நம்ம ஊருக்கு வருவோம்.

ஒரு டாலருக்கு விற்ற நிலம்

நியூயார்க் மாநிலத்தில் நயாகரா அருவிக்குப் பக்கத்தில் லவ் கனால் என்று ஓர் இடம். 1890களில் கால்வாய் வெட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட பள்ளம். 1942 முதல் ஒரு ரசாயனக் கம்பெனி அதில் தன் கழிவைக் கொட்டியது. பத்துப் பதினோரு வருஷத்தில் சுமார் 21,000 டன். பள்ளம் நிறைந்ததும் மேலே மண்ணைப் போட்டு மூடி, 1953இல் அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றுவிட்டது. அடியில் ரசாயனம் இருக்கிறது, பிறகு எங்களைக் கேட்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியும் கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடம் கட்டினார்கள், சுற்றி வீடுகளும் வந்தன. 1970களின் கடைசியில் மழை பெய்யப் பெய்ய, கொல்லையிலும் நிலவறையிலும் கறுப்புக் குழம்பு ஊறி வந்தது. லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி தெருத்தெருவாகப் போய்க் குழந்தைகளின் நோய்களைக் கணக்கெடுத்தார். 1978 ஆகஸ்டில் ஜனாதிபதி கார்ட்டர் அங்கே நெருக்கடி நிலை அறிவித்தார். குடும்பங்களை வெளியேற்றினார்கள்.

இந்தக் கோபத்தில் 1980 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. 'சூப்பர்ஃபண்ட்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சட்டம் கறாரானது. கொட்டியவர் மட்டுமில்லை, அந்த நிலத்தின் இன்றைய சொந்தக்காரரும் பொறுப்பு. கொட்டியபோது அது சட்டப்படி குற்றமாக இருந்ததா இல்லையா என்பது பேச்சே இல்லை. பத்துப் பேர் சேர்ந்து கெடுத்திருந்தால், அகப்பட்ட ஒருவரிடமே முழுத் தொகையையும் வசூலிக்கலாம். உண்மையாகவே நல்ல சட்டம் என்றுதான் நான் சொல்லுவேன்.

ஆனால் ஒரு பக்கவிளைவு வந்தது. பழைய ஆலை நிலம் என்றாலே எல்லோரும் பயந்து ஓடினார்கள். வாங்கினால் நம் தலையில் விழுமோ என்று வாங்குபவருக்குப் பயம். அடமானம் பிடித்தால் நாமும் சொந்தக்காரர் ஆகிவிடுவோமோ என்று வங்கிக்குப் பயம். சோதனை செய்து ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் வில்லங்கம் என்று உடையவர் மண்ணையே தொடவில்லை. தெரியாமல் இருப்பதுதான் லாபம் என்று ஆகிப்போனது! மூடிய இரும்பாலைகள், சலவைக் கடைகள், பெட்ரோல் பங்குகள் எல்லாம் நகரத்து நடுவில் பூட்டிக் கிடந்தன. புதிதாக ஆலை கட்ட வந்தவர்கள் ஊருக்கு வெளியே, இதுவரை எதுவும் கட்டாத நிலத்துக்குப் போனார்கள்.

எதுவும் கட்டாத நிலம் என்றால் என்ன? மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற நிலம்தான். திட்டம் போடுகிறவர்கள் மொழியில் அதற்குப் பெயர் 'கிரீன்ஃபீல்டு'. பரந்தூர் விமான நிலையத்தையும் கிரீன்ஃபீல்டு என்றுதான் எழுதுகிறார்கள். பேரைக் கேட்டால் மரம் நட்டு நடுவில் விமானம் விடுவார்கள் போலத் தோன்றும். அதற்கு எதிர்ச்சொல்லாக, கெட்டுப்போய்க் கிடக்கிற பழைய ஆலை நிலத்துக்கு 'பிரவுன்ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்கள். நாம் பழுப்பு நிலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதிக்க மட்டும் காசு

1993இல் ஓஹியோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரம் இருக்கிற குயாஹோகா மாவட்டத்துக்கு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்னோட்டமாக ஒரு மானியம் கொடுத்தது. 2 லட்சம் டாலர். இன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். 1995இல் அதையே திட்டமாக்கி, பல நகராட்சிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2002 ஜனவரியில் தனிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டம் பழுப்பு நிலத்துக்குக் கொடுக்கிற விளக்கத்தில் ஒரு சொல்தான் முக்கியம். நஞ்சு 'இருக்கிற' நிலம் மட்டுமில்லை, நஞ்சு 'இருக்கலாம்' என்ற சந்தேகத்தாலேயே மறுபயன்பாட்டுக்கு வராமல் கிடக்கிற நிலமும் பழுப்பு நிலம்தான். ஏன் இப்படி? சந்தேகமே பாதி நோய். சோதித்துப் பார்த்தால் சில நிலம் சுத்தமாகவே இருக்கும். பார்க்காததால் வீணாகக் கிடக்கிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட நிலங்கள் நாலரை லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது முகமையின் மதிப்பீடு. இதில் பழைய பெட்ரோல் பங்குகளே ஏராளம். லவ் கனால் மாதிரி மிக மோசமானவை இந்தக் கணக்கில் வராது. அவை சூப்பர்ஃபண்ட் பட்டியலில் தனியாக இருக்கின்றன.

மானியத்தில் பல வகை உண்டு. சுத்தம் செய்ய, கடன் கொடுக்க, ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க. ஆனால் அடிப்படை, சோதனைக்கான மானியம். அதை நகராட்சி, மாவட்ட நிர்வாகம், பழங்குடி நிர்வாகம், லாபநோக்கமில்லாத அமைப்புகள் எல்லாம் கேட்கலாம். நிலத்தைக் கெடுத்தவர் கேட்க முடியாது. கெடுத்தவனுக்கே மக்கள் காசில் ஆய்வு செய்து கொடுப்பதில்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. எந்த நிலத்தைச் சோதிக்கப் போகிறோம், பிறகு அங்கே என்ன வரப்போகிறது என்பதில் அக்கம்பக்கத்து மக்களைக் கலந்து பேச வேண்டும். மானியம் வாங்கி நடத்தத் தெம்பில்லாத சின்ன ஊருக்கு, முகமையே தன் ஒப்பந்தக்காரரை அனுப்பி இலவசமாகச் சோதித்துக் கொடுக்கிற ஏற்பாடும் உண்டு.

சோதனை இரண்டு கட்டமாக நடக்கும்.

முதல் கட்டத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட எடுப்பதில்லை. முழுக்க விசாரணைதான். இந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது? பழைய பத்திரங்கள், பழைய விமானப் படங்கள், அரசு அனுமதிகள் எல்லாவற்றையும் புரட்டுவார்கள். அங்கே ஒரு வசதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக சான்பார்ன் என்ற நிறுவனம் ஊர் ஊராக வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. எந்தக் கட்டடத்தில் என்ன தொழில், எங்கே எண்ணெய்த் தொட்டி என்பது வரை அதில் இருக்கும். தீ பிடிக்குமா என்று பார்க்கப் போட்ட படம், நூறு வருஷம் கழித்து விஷம் எங்கே இருக்கும் என்று சொல்கிறது. பிறகு அங்கே வேலை பார்த்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசுவார்கள். நிலத்தை நடந்து பார்ப்பார்கள். செடி முளைக்காத திட்டு, கறை, நாற்றம், மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற குழாய். நிலத்தை வாங்குகிறவர் வாங்குவதற்கு முன்னால் இந்த விசாரணையை முறையாகச் செய்துவிட்டால், பழைய கழிவுக்கு அவரைப் பொறுப்பாக்காமல் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் அந்த விசாரணை ஒரு வருஷத்துக்குமேல் பழையதாக இருக்கக் கூடாது, சில பகுதிகளை 180 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால்தான் இரண்டாம் கட்டம். துளை போட்டு ஆழ ஆழமாக மண்ணெடுப்பது, கண்காணிப்புக் கிணறு இறக்கி நிலத்தடி நீரைப் பார்ப்பது, ஆய்வகத்துக்கு அனுப்புவது. காசு கரைவது இங்கேதான்.

நாம் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று இதில் இருக்கிறது. நம்ம வயலில் பத்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக ஆக்குகிறோம். பயிருக்கு உரம் போட வயலின் சராசரி தெரிந்தால் போதும். நஞ்சு தேடும்போது அப்படிக் கலந்தால் ஏமாந்து போவோம். கழிவு வயல் முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது. தொட்டி இருந்த மூலையில் அள்ளிக் கொட்டியது மாதிரி இருக்கும், மற்ற இடம் சுத்தமாக இருக்கும். பத்தையும் கலந்தால் மூலையில் இருக்கிற விஷம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, சீட்டில் 'பரவாயில்லை' என்று வந்துவிடும். அதனால் சந்தேகப்பட்ட இடத்தைக் குறிவைத்து, தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். யாராவது மூடிய ஆலை நிலத்துக்கு ஒரே ஒரு கலப்பு மாதிரியின் சீட்டைக் காட்டி 'எல்லாம் சரி' என்றால் நம்பாதீர்கள்.

நாலரை ஏக்கர் கணக்கு

இதில் உழவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். 2001இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பழுப்பு நிலம் ஒரு ஏக்கரை மறுபடி பயன்படுத்தினால், அதே வேலைக்கு ஊருக்கு வெளியே எடுக்க வேண்டியிருந்த 4.5 ஏக்கர் பசும்நிலம் தப்பிக்கிறது. ஊருக்கு வெளியே போனால் எல்லாமே அகலக்கால்தான். ஒற்றைத் தளக் கட்டடம், வண்டி நிறுத்த மைதானம், புதுச் சாலை. நகரத்துக்குள் இருக்கிற நிலத்தில் சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே நம்ம ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் கேள்வியைப் பொருத்தலாம். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று 2023இல் மேல்மா பகுதி விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் போட்டது இந்த மாநிலம். பழைய தொழிற்பேட்டைகளில் மூடிக் கிடக்கிற மனைகள் எத்தனை ஏக்கர், அதில் எத்தனையைச் சோதித்துப் பார்த்தீர்கள் என்ற கேள்வியை நிலம் எடுக்கிற ஒவ்வொரு கூட்டத்திலும் நாம் எழுந்து கேட்க வேண்டும். எங்கள் நஞ்சையை எடுப்பதற்கு முன்னால், நீங்கள் நஞ்சாக்கிய நிலத்தைக் கணக்குக் காட்டுங்கள்.

அமெரிக்காக்காரன் எல்லாம் சரியாகச் செய்துவிட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. மானியம் போட்டி வழியாகத்தான் கிடைக்கும். நன்றாக விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஊருக்குக் காசு, தெரியாத ஊருக்குக் கிடையாது. இதற்காகவே சில பல்கலைக்கழகங்களை வைத்துச் சின்ன ஊர்களுக்கு இலவசமாக உதவி செய்கிறார்கள். போடுகிற ஒரு டாலருக்கு 20 டாலர் அளவுக்கு வேறு முதலீடு வருகிறது என்று முகமை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அந்த முதலீடு வந்த பிறகு வாடகை ஏறி, இத்தனை நாள் அந்த நாற்றத்தில் குடியிருந்த ஏழைகளே வெளியேற வேண்டி வருவதை அந்த 20 டாலர் கணக்கு சொல்லாது. இன்னொன்று, சோதித்து முடித்துக் காகிதமாகவே நிற்கிற நிலங்களும் உண்டு. சுத்தம் செய்வதிலும், எல்லா நஞ்சையும் அள்ளி எடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். வண்டி நிறுத்துமிடம் வரப்போகிறது என்றால் மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டு, இங்கே வீடு கட்டக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது என்று எழுதி வைப்பதோடு சரி. எழுதி வைத்ததை ஐம்பது வருஷம் கழித்து யார் படிப்பார்கள்? லவ் கனால் பத்திரத்திலும்தான் எழுதியிருந்தது.

ரசாயனத்துக்கும் பெட்ரோலியத்துக்கும் போட்டிருந்த தனி வரிதான் சூப்பர்ஃபண்டுக்குக் காசு. அந்த வரி 1995இல் காலாவதியாகி, அதன்பின் பல வருஷம் பொது வரிப்பணத்தில்தான் ஓடியது. 2021இல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் ரசாயன வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. பழுப்பு நிலத் திட்டத்துக்குத் தனியாக 150 கோடி டாலர் ஒதுக்கியதும் அதே சட்டம்தான்.

அந்த மண்ணில் காய்கறி விளையுமா

விளையும். விளைவது பிரச்சினையே இல்லை, விளைந்ததில் என்ன இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. பிலடெல்பியாவில் இரும்புக்குத் துத்தநாகம் பூசுகிற ஆலை இருந்த முக்கால் ஏக்கரில், 1990களின் கடைசியில் கிரீன்ஸ்குரோ என்று ஒரு பண்ணை ஆரம்பித்தார்கள். முகமை அந்த இடத்தை ஏற்கெனவே சுத்தம் செய்திருந்தது. அப்படியும் அவர்கள் தரை மண்ணை நம்பவில்லை. மண்ணில்லாமல் தண்ணீரில் கீரை வளர்த்தார்கள், மேடைப் பாத்தி கட்டி வெளி மண் நிரப்பினார்கள். 2011இல் முகமை வெளியிட்ட நகர வேளாண்மைக்கான கையேடும் இதே மாதிரிதான் சொல்கிறது: முதலில் நிலத்தின் பழைய கதையை விசாரி, சோதி, சந்தேகம் இருந்தால் அடியில் துணி விரித்து மேடைப் பாத்தி போடு.

எந்தப் பயிர் என்பதும் முக்கியம். ஈயத்தை எடுத்துக்கொண்டால், தக்காளி, கத்தரி மாதிரிக் காய்க்குள் அது அதிகம் ஏறுவதில்லை. கேரட், முள்ளங்கி மாதிரிக் கிழங்கில் அதிகம். கீரையில் வேர் வழியாக ஏறுவதோடு, இலையில் ஒட்டுகிற புழுதியும் சேர்ந்துகொள்ளும். காட்மியம் அப்படி இல்லை, அது இலைக்கும் நெல் மணிக்கும் சுலபமாகப் போகும்.

நம்ம தொழு உரம் இங்கே என்ன செய்யும்? நிறைய மட்கு போட்டால் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிர் எடுப்பது குறையும். விஷம் கூடிய ஆறிணைதிறன் குரோமியத்தை, விஷம் குறைந்த மூவிணைதிறன் குரோமியமாக மாற்றவும் கரிமப்பொருள் உதவும். இதைப் படித்துவிட்டு 'பஞ்சகவ்யம் விட்டால் எல்லா உலோகமும் போய்விடும்' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கட்டி வைப்பது வேறு, நீக்குவது வேறு. உலோகம் அங்கேயேதான் இருக்கிறது. மணிச்சத்து ஈயத்தைக் கட்டும், ஆனால் அதே மணிச்சத்து ஆர்சனிக்கை அவிழ்த்து விடும். எது இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. சூரியகாந்தி, கடுகு போட்டு உலோகத்தை உறிஞ்சி எடுக்கிற முறையும் இருக்கிறது. வருஷக்கணக்காகும். அறுத்த தட்டை மாட்டுக்கும் போடக் கூடாது, மட்குக் குழியிலும் போடக் கூடாது.

நம்ம பாலாற்றங்கரை

'கெடுத்தவரே காசு கொடுக்கணும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் நம்ம பாலாற்றங்கரைக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுக்கவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிற்று.

கெடுத்தவர் இருந்தால் சரி. ஆலை மூடி, கம்பெனியே இல்லாமல் போனால்? ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் என்ற ஆலை, தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்தது. 1990களின் நடுவில் மூடினார்கள். அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன் என்று ஒரு கணக்கு, இரண்டேகால் லட்சம் டன்னுக்கு மேல் என்று இன்னொரு கணக்கு. திறந்தவெளியில் மலையாகக் கிடக்க, மழைக்கு மஞ்சள் தண்ணீராக வழிந்து நிலத்தடி நீரில் இறங்கியது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகத்திலேயே மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று போட்ட பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது.

கெடுத்தவர் கையில் காசு இருந்து, அவரே ஆய்வு நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு கொடைக்கானல் சாட்சி. அமெரிக்காவில் வாட்டர்டவுனிலிருந்து 1983இல் இங்கே வந்த பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடியது. எவ்வளவு பாதரசம் மண்ணில் என்ற முதல் ஆய்வை, இந்துஸ்தான் லீவர் நிறுவனமே ஆலோசனை நிறுவனத்தை வைத்துச் செய்தது. அந்த எண்களை ஊர்க்காரர்களும் முன்னாள் தொழிலாளர்களும் நம்பவே இல்லை. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதிலும் சண்டை. இங்கே வைத்த அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு 1 மில்லிகிராம். சோதனைக்கான காசு பொதுக் கையிலிருந்து வருவதன் அருமை இங்கேதான் புரியும்.

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசுபட்ட இடங்களின் மேலாண்மைக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. அதுவரை இதற்கென்று தனி விதியே இல்லை. நாடு முழுக்க மாசுபட்டவை என்று அடையாளம் கண்ட இடங்கள் 103, சுத்தம் செய்ய ஆரம்பித்தது ஏழே ஏழில் என்பது அப்போதைய நிலவரம். புது விதிப்படி, சந்தேகப்படுகிற இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் போட்டு அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் முதல்கட்ட ஆய்வு, அதற்கடுத்த மூன்று மாதத்துக்குள் விரிவான ஆய்வு. 189 ரசாயனங்களில் எதுவும் அளவுக்கு மீறி இருந்தால் அதை மாசுபட்ட இடம் என்று ஊரறிய அறிவிக்க வேண்டும். பொறுப்பானவரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளுக்குள் கண்டுபிடித்துச் செலவை வசூலிக்க வேண்டும். ஆள் அகப்படவில்லை, காசு இல்லை என்றால் மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். சுரங்கம், கதிரியக்கக் கழிவு, கடலில் எண்ணெய்க் கசிவு, குப்பைமேடு ஆகியவை இதில் வராது.

வாசகம் பரவாயில்லை. ஆனால் இது ஊராட்சி கையில் காசு கொடுத்து, உங்க ஊர் நிலத்தை நீங்களே முடிவு செய்து சோதியுங்கள் என்கிற திட்டமில்லை. ஆட்சியர், வாரியம் என்று மேலே போய்க் கீழே வர வேண்டிய வேலை. பட்டியலில் பேர் ஏறினால்தான் எதுவும் நடக்கும். தன் மாவட்டத்தில் விஷ நிலம் இருக்கிறது என்று எந்த ஆட்சியர் தானாக முன்வந்து எழுதுவார்? நாம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் இரண்டு வேலை சொன்னேன். முதல் கட்ட விசாரணைக்குப் பெரிய காசு வேண்டாம், அதை ஊரே செய்யலாம். அந்த ஆலையில் வேலை பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். கழிவுத் தொட்டி எங்கே இருந்தது, மழைக்காலத்தில் எந்தப் பக்கம் திறந்து விட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வில்லங்கச் சான்றும் பழைய அடங்கலும் எடுத்து, எந்தப் புல எண் எப்போது ஆலைக்குப் போனது என்று பார்க்கலாம். கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களைப் புரட்டினால் தொட்டியின் தடம் தெரியும். ஆலைக்கு வாரியம் கொடுத்த அனுமதி ஆணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். கோடையில் மண்மேல் வெள்ளைப் பூப்பு, எதுவுமே முளைக்காத திட்டு, கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் சாயல் ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுக்க வேண்டும். இரண்டாவது வேலை, இதையெல்லாம் இணைத்து, 2025 விதிகளைக் குறிப்பிட்டு, இந்தப் புல எண்களைச் சந்தேக இடப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுப்பது. ரசீது வாங்காமல் வரக் கூடாது.

போன வாரம் போன் செய்தார். ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு தாத்தாவைக் கூட்டிக்கொண்டு நிலத்தைச் சுற்றியிருக்கிறார். வேலி போடச் சொன்ன அதே மூணு ஏக்கரில்தான் கசடு காயப்போடுகிற களம் இருந்ததாம், மேலே ஒரு அடி வண்டல் அடித்து மூடியிருக்கிறார்கள். மனு கொடுத்து ரசீது வாங்கிவிட்டார், பதில் இன்னும் வரவில்லை. அந்த நிலத்தை எடுக்கவில்லை. ஆனால் களத்துக்குக் கிழக்கே பக்கத்து வயல்காரர் கீரை போட்டிருக்கிறார், அவர் கிணறு களத்திலிருந்து நூறு அடிகூட இல்லை, அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், சேர்ந்து போய்ச் சொல்லுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.